பம்பரத்தின் இரண்டாவது ப

அந்தச் சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் யோசிக்காமல் அர்த்தம் சொல்வார் என்பது முகத்துக்கு நேரே சொல்லும் காரணம். அகராதி பிடித்த மனுஷன் என்பது முதுகுக்குப் பின்னால் சொல்லும் காரணம். இரண்டாவது காரணமும் அவர் காதுக்கு வந்திருந்தது. வந்தும் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தே இருந்தது.

ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்கப்பட்டன. ஒரு பக்கம் ஆளுயர இயந்திரங்கள் துணியை வயிற்றில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கும். நடுவில் நீளமான உருளை இயந்திரம். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் புதுக் காகிதம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். மறு கோடியில் மடித்து அடுக்கும் மேசைகள். அவ்வளவுக்கும் அகராதிதான் சூப்பர்வைசர்.

அவர் பெரிய படிப்பெல்லாம் படிக்கவில்லை. ஆங்கிலத்தைக் காதாலேயே பொறுக்கிச் சேர்த்தவர். செய்தியில், விளையாட்டு வர்ணனையில், ஓட்டல் லிப்டில் யாரோ பேசிக்கொண்டு போவதில் ஒரு நல்ல சொல் விழுந்துவிட்டால் அதை நாள் முழுக்க வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருப்பார். எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

புது மேனேஜராக ஓர் அம்மா வந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வந்த முதல் நாள் அவர் எதையோ கேட்க, கூடமே வாயடைத்து நின்றது. அகராதி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார். அன்றிலிருந்து மேடத்துக்கு வாயும் காதும் அவர்தான். யாருக்கு லீவு வேண்டுமென்றாலும், யாருக்கு எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும், அகராதியிடம் சொல்லி அகராதி மேடத்திடம் சொல்ல வேண்டும். மேடத்துக்கு அரை அடி பின்னால் அவர் நடந்துவருவதைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவார்.

மடிக்கிற மேசையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் அவருடைய அண்ணி. அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுபவர். வண்டி எடுத்தால் திரும்பிவர வாரக்கணக்காகும். மகளும் கல்யாணமாகிப் போன பிறகு மாடி வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க அண்ணிக்குப் பிடிக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த அகராதிதான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். மடித்த துணியை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனித் தள்ளுவண்டியில் அடுக்கி, அவர்கள் பெயர்ச்சீட்டை மாட்ட வேண்டும். அண்ணிக்குக் கை வேகம் அதிகம், கவனம் கொஞ்சம் குறைவு. இந்த ஓட்டல் தலையணை உறையை அந்த ஓட்டல் வண்டியில் வைப்பது அவ்வப்போது நடக்கும். லாரியில் ஏற்றுவதற்கு முன் சூப்பர்வைசர் ஒவ்வொரு வண்டியின் மூடியையும் தூக்கிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்தக் குளறுபடிகள் வாசலைத் தாண்டியதில்லை.

அன்று தாண்டியது. பெரிய ஓட்டலுக்குப் போக வேண்டிய கெட்டித் துண்டுகள் நிறைந்த வண்டியில் அண்ணி மருத்துவமனைச் சீட்டை மாட்டிவிட்டார். அகராதியோ அந்த நேரம் மேடத்தோடு உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவே நடந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் தூரத்திலிருந்து கையைக் காட்ட, இவரும் திரும்பிப் பார்க்காமல், "ஏத்துங்க, ஏத்துங்க" என்று கையை ஆட்டினார். எந்த மூடியையும் அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஓட்டலிலிருந்து போன் வந்தது. துண்டு வண்டி வரவே இல்லை. மேடம் அகராதியைக் கூப்பிட்டார்.

"என்ன நடந்தது?"

என்ன நடந்திருக்கும் என்று அதற்குள் அகராதி ஊகித்திருந்தார். ஓட்டலின் சீட்டு அண்ணியின் மேசை ஓரத்தில் அநாதையாகக் கிடந்ததை வரும்போதே பார்த்தார். சீட்டு மாறி வண்டி வேறெங்கோ போயிருக்கிறது. நாலு இடத்துக்குப் போன் போட்டால் கிடைத்துவிடும். இதைச் சொல்ல மிஸ்டேக் என்ற சொல்லே போதும். ஆனால் அது கேட்டில் நிற்கிற காவலாளிக்கும் தெரிந்த சொல். அகராதிக்கு ஒரு நல்ல சொல் கைவசம் இருந்தது. போன வாரம் கால்பந்து வர்ணனையில் கேட்டது. கோல்கீப்பரின் கால் இடுக்கில் பந்து புகுந்து உள்ளே போனபோது வர்ணனையாளர் அதை ருசித்துச் சொன்னார். பரணிலிருந்து பாத்திரம் உருண்டு விழுகிற மாதிரி ஒரு ஓசை அதற்கு. தான் மூடியைத் தூக்கிப் பார்க்காததை மறைக்கவும் அவ்வளவு பெரிய சொல் வசதியாக இருந்தது.

"பேக்கிங்ல இருக்கிற அம்மா பிளண்டர் பண்ணிட்டாங்க, மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேடத்தின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "பிளண்டரா? நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம் மேடம். பெரிய பிளண்டர்."

"இதுதான் முதல் முறையா?"

"இல்லைங்க மேடம். முன்னாடியும் சின்னச் சின்ன பிளண்டர் நடந்திருக்கு. நான்தான் கண்டிச்சு விட்டுட்டேன்."

"தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"என் அண்ணன் மனைவி, மேடம். குடும்பத்து ஆளு."

மேடம் பேனாவை மேசையில் வைத்தார். "தனியாகத்தான் செய்கிறாரா? கூட யாராவது உண்டா?"

கேள்வி கொஞ்சம் வினோதமாகத்தான் பட்டது. இருந்தாலும் அகராதி விடவில்லை. "தனியாத்தான் மேடம். அவங்க மேசையில வேற யாரும் கை வைக்க முடியாது."

"சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னீர்கள். இதை நான் மறக்க மாட்டேன். இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம்."

அகராதிக்கு உச்சி குளிர்ந்தது. துண்டுகளைத் தேடி யாருக்கும் அவர் போன் போடவில்லை. மேடமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாரே.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் வரிசையாக வெளியே போகும்போது, காவலாளி அண்ணியை மட்டும் நிறுத்தினார். கேட்டருகே ஒரு மேசை போட்டிருந்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மேலேருந்து உத்தரவு" என்று காவலாளி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அண்ணியின் பையிலிருந்து ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தது. டிபன் பாக்ஸ், குடை, சீப்பு, கண்ணாடிக் கூடு, மாத்திரை அட்டை. டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார்கள். கடைசியாக ஒரு வெள்ளைத் துண்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்தது, ஓரமெல்லாம் பிரிந்துபோனது. காவலாளி அதை இப்படியும் அப்படியும் திருப்பி ஓட்டலின் முத்திரை இருக்கிறதா என்று தேடினார். போக வேண்டியவர்கள் யாரும் போகவில்லை. சைக்கிளைப் பிடித்தவர் பிடித்தபடி நின்றார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார்.

அகராதி கடைசியாகத்தான் வெளியே வந்தார். மேசையையும் அதன்மேல் பரப்பியிருந்ததையும் பார்த்து, யாரோ எதையோ தொலைத்துவிட்டார்கள் போல என்று நினைத்தார். அதற்குள் மேலேயிருந்து ஆள் வந்தது. மேடம் அழைக்கிறார். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மொழிபெயர்க்க.

அறையில் மேடம் உட்காரச் சொல்லவில்லை. "துண்டுகளை எங்கே விற்றார் என்று கேளுங்கள்" என்றார்.

அகராதி அவசரமாகக் கையை ஆட்டினார். "விற்கலை மேடம். அவங்க திருடுற ஆள் இல்லை."

"காலையில் நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"நான் திருட்டுன்னு சொல்லவே இல்லையே மேடம். பிளண்டர்னுதான் சொன்னேன்."

"ஆமாம். பிளண்டர்" என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். குடும்பப் பாசத்தில் மனுஷன் பின்வாங்குகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டி அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அந்தச் சொல்லை எழுத்தில் அகராதி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். கீழே பொருள் போட்டிருந்தது. கொள்ளை. சூறையாடுதல். அடுத்தவர் பொருளை வாரிக்கொண்டு போவது. வர்ணனையில் அவர் கேட்ட சொல்லுக்கு முதல் எழுத்து வேறு. அவர் சொன்ன சொல்லுக்கு முதல் எழுத்து வேறு. மற்ற ஓசையெல்லாம் அச்சு அசலாக ஒன்று.

பக்கத்தில் அண்ணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "என்ன தம்பி சொல்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் சொல்ல வந்தது வேறு சொல், மேடம், எனக்குச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை. அது தொண்டைவரை வந்தது. வந்த இடத்திலேயே அவருக்கு நாளைய காலையும் தெரிந்தது. மேடம் சிரிப்பார், அல்லது சிரிக்காமல் இருப்பார். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. கூடம் முழுக்கப் பரவும். வர்ணனையில் கேட்ட சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பவனி வந்தவன் என்று உருளைக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

"எனக்குச் சரியாத் தெரியலை மேடம். விசாரிச்சுப் பார்க்கணும்" என்று மேடத்திடம் சொன்னார். விசாரணை முடியும்வரை அந்த அம்மா வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேடம்.

அண்ணி பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்ல அண்ணி. ஏதோ துண்டு காணோமாம். விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்களை வீட்ல இருக்கச் சொல்றாங்க" என்றார்.

"என்னை மட்டுமா?"

"இப்போதைக்கு."

"நான் எடுத்திருக்க மாட்டேன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன் அண்ணி."

ஒரு வகையில் அது பொய்யில்லை. சொன்னார்தான். சொன்னதை உடனே வாபஸ் வாங்கியதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அகராதி கைபேசியோடு குளியலறைக்குள் புகுந்து, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டார். தான் சொல்ல நினைத்த சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. கிடைத்தது. கவனமில்லாமல் செய்யும் மடத்தனமான பிழை என்று போட்டிருந்தது. கண் தெரியாதவர் மாதிரி அங்கும் இங்கும் முட்டிக்கொண்டு நடப்பதற்கும் அதே சொல்தானாம். கீழே பயன்பாடு என்று ஒரு குறிப்பு. எல்லாச் சின்னப் பிழைக்கும் இதைச் சொல்வதில்லை. தெரிந்திருக்க வேண்டியவர், செய்திருக்கக் கூடாத இடத்தில், பின்விளைவு வரும்படி செய்கிற பிழைக்குத்தான் சொல்வது வழக்கம்.

அவர் அதை இரண்டாம் தடவை படித்தார். அப்படியென்றால் அண்ணி செய்தது வெறும் மிஸ்டேக். இந்தச் சொல் அங்கே பொருந்தவே இல்லை. சரியாகவே உச்சரித்திருந்தாலும் தப்பான ஆள் மேல்தான் அதைப் போட்டிருக்கிறார்.

கதவு தட்டப்பட்டது. "உள்ள யார்கூடப் பேசிட்டிருக்கீங்க? யாரோ ஒரு பொம்பளை ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்றா" என்றார் மனைவி.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், நடந்ததைச் சொன்னார். மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் அது நின்றது.

"அக்கா வந்ததிலிருந்து மேல கதவைச் சாத்திட்டு இருக்காங்க. என்னக்கா ஆச்சுன்னு கேட்டதுக்கு, உன் வீட்டுக்காரரைக் கேளுன்னாங்க. பக்கத்து மேசைக்காரி வழியிலேயே சொல்லிட்டாளாம், காலையில மேடம்கிட்டப் போட்டுக்கொடுத்தது நீங்கதான்னு."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க மேடம் ரூமுக்குள்ள போறதும், மீசையைத் தடவிக்கிட்டு வெளியே வர்றதும் ஊருக்கே தெரியும். போய்ச் சொல்லிட்டு வாங்க. பன்னிரண்டு படிதானே."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் அவங்க என்னன்னு நினைச்சுட்டுப் படுப்பாங்க?"

அகராதி எழுந்து போனார். பாதிப் படியில் நின்றார். மேலே தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் கேட்டன. தேய்த்த பாத்திரத்தையே தேய்ப்பது மாதிரி அது நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் வராமல் இறங்கிவந்துவிட்டார். அன்று மனைவி தட்டை வைத்த சத்தமே அவர் கோபத்தைச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை மருத்துவமனைச் சேமிப்பறையிலிருந்து போன் வந்தது. அந்த அறைக்குப் பொறுப்பானவர் லீவில் இருந்தபோது வேறு யாரோ சீட்டை மட்டும் பார்த்து வண்டியை உள்ளே தள்ளிப் பூட்டிவிட, அவர் லீவு முடிந்து அன்றுதான் பூட்டைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு வண்டி அதிகமாக நின்றிருக்கிறது. எல்லாம் கெட்டித் துண்டு, ஓட்டல் முத்திரையோடு.

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு துண்டும் குறையவில்லையாம். நானும் அவசரப்பட்டேன், நீங்களும் தப்பாக நினைத்துவிட்டீர்கள். அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

அவ்வளவுதான். தானாகவே கதவு திறந்துவிட்டது. வாயைத் திறக்காமல் நழுவிவிடலாம். அகராதி தலையை ஆட்டிவிட்டுக் கீழே வந்து, "துண்டு கிடைச்சிருச்சு" என்று பொதுவாகச் சொன்னார். உருளை இயந்திரத்தில் நின்ற அம்மா, கூடத்திலேயே பழைய ஆள், விரிப்பை நகர்த்திக்கொண்டே கேட்டார்:

"அப்ப அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டது யாரு?"

"நான் இல்லம்மா. மேடம்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மொழி புரியாத ஒருவர் தலையில், அவருக்குப் புரியாத மொழியிலேயே பழியைத் தூக்கிப் போட்டாயிற்று. உருளைக்காரம்மா அடுத்த விரிப்பை எடுத்தார்.

மதிய இடைவேளையில் அகராதி வீட்டுக்குப் போனார். இந்த முறை படியில் நிற்கவில்லை. அண்ணி சன்னலோரம் உட்கார்ந்து அண்ணனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"துண்டு கிடைச்சிருச்சு அண்ணி. மேடம் உங்களை வரச் சொன்னாங்க. மன்னிப்புக் கேக்கணும்னாங்க."

"எங்க இருந்துச்சாம்?"

"ஆஸ்பத்திரியில. சீட்டு மாறிப்போச்சு."

அண்ணி ஊசியை நிறுத்தினார். "மாத்தி மாட்டினது நான்தானே?"

"ஆமா."

"அதுக்கு மன்னிப்புக் கேக்க வேண்டியது நான்தான். வந்து கேட்டுக்கறேன். ஆனா நேத்து அத்தனை பேர் பாத்துட்டு நின்னாங்க தம்பி. என் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பாத்தாங்க. நான் திருடலைன்னு சாட்சி சொல்ல இன்னைக்கு அந்தத் துண்டுங்க வர வேண்டியிருந்துச்சு. வீட்டு மனுஷன் நீங்க மேடம் ரூம்ல என் பக்கத்துலயேதான் நின்னீங்க."

அகராதி நின்றபடியே சொன்னார். வர்ணனையில் கேட்டது, வாயில் வைத்து மென்றது, மேடத்திடம் சொன்னது, மேடம் கைபேசியில் காட்டியது, மூடியைத் தூக்கிப் பார்க்காமல் வண்டியை அனுப்பியது, எல்லாவற்றையும். அண்ணிக்கு ஒரு இடத்தில் பிடிபடவில்லை.

"பிளண்டர்னாலும் தப்பு, பிளண்டர்னா கொள்ளையுமா? ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது."

"நமக்கு ஒண்ணு மாதிரிதான் கேக்கும் அண்ணி. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே ப. பம்பரம்னு சொல்லிப் பாருங்க."

அண்ணி சந்தேகத்தோடு, "பம்பரம்" என்றார்.

"முதல்ல ஒரு ப வருதில்ல? நடுவுல இன்னொரு ப வருது. நடுவுல வர்றது கொஞ்சம் கனமா வரும். அந்த ரெண்டாவது ப-வைப் போட்டுச் சொன்னா தப்பு. முதல் ப-வைப் போட்டுச் சொன்னா கொள்ளை. நான் முதல் ப-வைப் போட்டுட்டேன்."

"பம்பரம். பம்பரம்." அண்ணி உதட்டில் விரலை வைத்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "அட, ஆமா." அவர் முகம் ஒரு கணம் இளகியது. அகராதிக்கு மூச்சு வந்தது.

அண்ணி ஊசியை மறுபடி எடுத்தார். "சரி. காலையில நாக்கு பிசகிப்போச்சு. யாருக்கும் பிசகும். சாயங்காலம் அந்தம்மா போனைக் காட்டினப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே. அப்ப என்ன ஆச்சு?"

அகராதி படியின் பக்கம் பார்த்தார்.

"நான் பக்கத்துல நின்னு கேட்டேன், என்ன சொல்றாங்கன்னு. ஒண்ணுமில்லன்னீங்க."

"தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன் அண்ணி. இங்கிலீஷ் தெரியாதவன்னு எல்லாரும் நினைச்சிருவாங்களேன்னு."

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது போல இருந்தது. அகராதி தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் மனசுக்குள் புரட்டினார். பாதிச் சொற்களுக்கு இப்போது அர்த்தம் நிச்சயமாகத் தெரியவில்லை.

"என்கிட்டச் சொல்லிட்டீங்க. இது போதாது" என்றார் அண்ணி. "கேட்டுல நின்னவங்க அத்தனை பேருக்கும் சொல்லுங்க. நான் வந்து நிக்கறேன்."

முதலில் மேடத்திடம் சொன்னார். அன்று அவர் பேசிய ஆங்கிலத்தில் ஒரு பெரிய சொல்கூட இல்லை. "ராங் வேர்ட் மேடம். மை மிஸ்டேக். ஷீ நோ திருட்டு" என்று தமிழும் கலந்து வந்தது. மேடம் சிரிக்கவில்லை. "நேற்று மாலையே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு அவரைத் தாண்டிப் படியிறங்கி, கேட்டருகே நின்ற அண்ணியிடம் நேராகப் போய் இரண்டு கையையும் பிடித்து, "சாரி" என்றார். அண்ணியும், "நானும் சாரி மேடம், சீட்டு மாத்தினது நான்தான்" என்று பாதி கையாலும் பாதி வாயாலும் சொன்னார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. நடுவில் யாரும் தேவைப்படவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் கேட்டருகே வந்ததும் அகராதி பேசினார். குரல் முதலில் வெளியே வரவில்லை. காவலாளிதான், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றார். தான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதையும், அது தெரிந்த பிறகும் மூடி மறைத்ததையும், காலையில் மேடம் மேல் பழி போட்டதையும், வண்டியைப் பார்க்காமல் ஏற்றச் சொன்னது தானே என்பதையும் சொன்னார். சொல்லும்போது காவலாளியின் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது திட்டினால் தேவலை என்று அகராதிக்கு இருந்தது. உருளைக்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என் மருமகளுக்குப் பிரசவம்னு நாலு நாள் லீவு கேக்கச் சொன்னேனே, மேடம்கிட்ட என்னன்னு சொன்னீங்க? நான் திரும்பி வந்தப்ப அந்தம்மா, சாவு வீட்டுலேருந்து வந்தவளைப் பாக்கிற மாதிரி என் தோளைத் தட்டி, கண்ணெல்லாம் கலங்கி நின்னாங்களே?"

அகராதி யோசித்தார். டெலிவரி என்பதற்குப் பதிலாக வேறு ஏதோ உயர்வான சொல்லைப் போட்ட ஞாபகம்.

"எனக்கு முதுகு வலி, வேற மிஷின் குடுங்கன்னு கேட்டேன்" என்றார் துவைக்கிற பகுதிக்காரர். "மறுநாள் என் நாற்காலியைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டாங்க, பேக்னு மட்டும் ஏதோ சொல்லியிருக்கீங்க. இப்பத்தான் புரியுது."

ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். கோபமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே கேட்டவர்களும் இருந்தார்கள். சிரித்தவர்களைத்தான் அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "தெரியல. தப்பாச் சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு மேடத்திடம் போக வேண்டியவர்கள் தாங்களே போனார்கள். கையைக் காட்டி, படம் வரைந்து, தெரிந்த நாலு சொல்லை வைத்துச் சமாளித்தார்கள். நேரம் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் முதுகு வலிக்காரருக்கு வேறு இயந்திரம் கிடைத்தது. அகராதி லாரி வாசலிலேயே நின்று ஒவ்வொரு மூடியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அண்ணி வேலைக்கு வந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தி, "பாத்துக்கோங்க" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

சில வாரம் கழித்து அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல எல்லோருக்கும் கீழ்வீட்டில் சாப்பாடு. அண்ணன் வழியில் பார்த்ததையெல்லாம் சொல்லி, வாய்விட்டுச் சிரித்து, தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார்.

"நீ ஒருத்தன் இங்க இருக்கேங்கிற தைரியத்துலதான்டா நான் வண்டியை எடுக்கிறேன்."

அகராதி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். அண்ணி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவர் முகத்தில் இரக்கமும் இல்லை, மிரட்டலும் இல்லை. பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம்" என்றார் அகராதி.

"முதல்ல சாப்பிடட்டும். அப்புறம் சொல்லுங்க" என்றார் அண்ணி.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னார். அண்ணன் குறுக்கே பேசவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த இடம் வந்தபோது மட்டும், "யாரு, இவளோடதையா?" என்று கேட்டார். கதை முடிந்ததும் மனைவியைப் பார்த்தார். "போன்ல ஒண்ணுமே சொல்லலையே நீ."

"அவர் வாயால வரட்டும்னுதான் விட்டேன்" என்றார் அண்ணி.

அண்ணன் எழுந்து மாடிக்குப் போனார். வீட்டில் இருந்த நாட்களில் கீழே இறங்கும்போதெல்லாம் தம்பி மனைவியிடம் பேசினார், தம்பியிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அடுத்த லோடுக்குக் கிளம்புகிற நாள் வந்தது. அகராதி வாசலில் காத்து நின்றார். எப்போது கிளம்பினாலும் அண்ணன் அந்த இடத்தில் நின்று, தோளில் கை போட்டு, "உங்க அண்ணியைப் பாத்துக்கோடா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அன்றும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பியைப் பார்த்ததும் நின்றார். "உங்க அண்ணியை" என்று வாய் தன் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"போயிட்டு வர்றேன்" என்றார்.

"சரிண்ணே" என்றார் அகராதி. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே போனார்.